பாரதியின் செவி

நுழைவாயில்

கவிஞர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அவர் எழுதிய பாடல்கள். அவர் எதைக் கேட்டார், எதைப் பார்த்தார், எவ்வூருக்குச் சென்றார், அங்குக் கண்டதைத் தம் ஊரோடு எப்படி ஒப்பிட்டார் என்பவற்றை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. பாரதியாரின் உரைநடையைப் படிப்பவர்க்கு இக்கேள்விகளுக்கான விடைகள் நிறையவே கிடைக்கின்றன. இசையைப் பற்றியும் ஓவியத்தைப் பற்றியும் பயணத்தைப் பற்றியும் தம் காலத்து மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றியும் அவர் இடைவிடாது எழுதினார். இப்பாடம் அந்த உரைநடையிலிருந்து சில பகுதிகளை எடுத்துக்கொண்டு பேசுகிறது.

தொடர்வண்டி வந்த வழி

மதுரைக்குத் தெற்கே, திருப்பரங்குன்றம் செல்லும் வழியில் உள்ளது பழங்காநத்தம். இன்று அது மாநகரின் நெரிசல் மிகுந்த பகுதி. மாடக்குளம் கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைந்த வயல்கள் இப்பகுதியில் இருந்தன என்று சொன்னால் இளையோர் நம்பத் தயங்குவர். அப்பகுதியை ஒட்டி மதுரையிலிருந்து தெற்கே தூத்துக்குடி, திருநெல்வேலி நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை, 1876ஆம் ஆண்டிலேயே போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. எட்டயபுரத்திலிருந்து மதுரைக்கு வருவோர் கோவில்பட்டி வரை வண்டியில் வந்து, அங்கிருந்து தொடர்வண்டி ஏறுவதே அக்காலத்து வழக்கம். 1904ஆம் ஆண்டு, இருபத்தோரு வயது நிரம்பிய சுப்பிரமணிய பாரதியும் இந்த வழியாகவே மதுரைக்கு வந்திருத்தல் வேண்டும்.

அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாளன்று அவர் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராகப் பணியேற்றார். நவம்பர் 10ஆம் நாள் வரை, நூறு நாள்களுக்குச் சற்று மேல் அங்குப் பணியாற்றினார். அதற்கு முந்தைய மாதத்தில்தான் மதுரையிலிருந்து வெளிவந்த 'விவேகபாநு' இதழில் 'தனிமை இரக்கம்' என்னும் அவருடைய பாடல் அச்சேறியிருந்தது. அச்சில் வந்த அவருடைய முதல் பாடலாக அதனைக் கூறுவர். மதுரையில் தங்கியது சில மாதங்களே ஆயினும், நான்காம் தமிழ்ச் சங்கம் தோன்றி மூன்றாண்டுகளே ஆகியிருந்த புத்தெழுச்சிக் காலத்தில் அவர் இந்நகரில் வாழ்ந்தார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். நவம்பரில் சென்னைக்குச் சென்று 'சுதேசமித்திரன்' நாளிதழின் உதவி ஆசிரியரானார். பள்ளி ஆசிரியர் பணியை விட்டு இதழாளர் ஆன அந்த மாற்றமே அவரை உரைநடையின் பக்கம் திருப்பியது. நாள்தோறும் எழுதியாக வேண்டிய கட்டாயம் ஒரு கவிஞனின் கண்ணையும் காதையும் கூர்மையாக்கும்.

இசையூரில் பிறந்தவர்

பாரதியார் இசையைப் பற்றி எழுதியதை விளங்கிக்கொள்ள அவர் பிறந்த ஊரை அறிந்துகொள்வது தேவை. எட்டயபுரம் சிறிய ஊர். ஆனால் கருநாடக இசை வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு. இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டில் மறைந்தது அவ்வூரில்தான். அவருடைய மரபில் வந்த சுப்பராம தீட்சிதர், எட்டயபுரம் அரண்மனையின் ஆதரவோடு 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்னும் பெருநூலைத் தெலுங்கு எழுத்தில் 1904இல் வெளியிட்டார். நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளைச் சுரக்குறிப்புடன் தரும் நூல் அது. அதே ஆண்டில்தான் பாரதியார் ஊரை விட்டு மதுரைக்கு வந்தார். சுப்பராம தீட்சிதர் 1906இல் மறைந்தபோது அவரைப் பிரிந்த துயரைப் பாரதியார் பாட்டாகவே பாடியுள்ளார்.

ஆகவே, பின்னாளில் கச்சேரி மேடைகளை அவர் கடுமையாகத் திறனாய்வு செய்தபோது, இசை அறியாத ஒருவரின் சினமாக அது இருக்கவில்லை. உள்ளிருந்து வளர்ந்த ஒருவரின் குறையுணர்வாகவே இருந்தது.

'சங்கீத விஷயம்'

'சங்கீத விஷயம்' என்பது அவருடைய கட்டுரைகளுள் ஒன்று. தமிழ்ப் பாடநூல்களில் அது அதிகம் இடம்பெறுவதில்லை. இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது என் கருத்து. அக்கட்டுரையில் அவர் எழுப்பும் முதற்குறை மிக எளியது. எந்த ஊருக்குப் போனாலும், எந்தத் திருமண வீட்டுக்குப் போனாலும், எந்த வித்துவான் பாடினாலும் அதே சில கீர்த்தனைகளே திரும்பத் திரும்பக் கேட்கின்றன என்கிறார். அப்பாடல்களின் பெயர்களையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறார். நல்ல பாட்டாயினும் ஓயாமல் கேட்டால் செவி மரத்துப்போகும் என்பதே அவருடைய கவலை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. பாடுபவருக்கும் பொருள் தெரியாது, கேட்பவருக்கும் பொருள் தெரியாது என்ற நிலையில் பாட்டு நடைபெறுகிறது. இங்கு அவருடைய நடுவுநிலையைக் கவனிக்க வேண்டும். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளுக்கு உரிய கம்பீரத்தை அவர் மறுக்கவில்லை; அவை வடமொழியில் இருப்பதால் பொதுமக்களின் அறிவில் தங்க இடமில்லாமல் போகிறது என்றே வருந்துகிறார். தியாகராசரின் பாடல்களில் சுவை நிறைந்திருப்பதை மனமாரப் பாராட்டுகிறார். பழையதைத் தூக்கி எறியுங்கள் என்று அவர் சொல்லவில்லை. தமிழில் புதிய பாடல்கள் வேண்டும். பாடுபவர் பொருளுணர்ந்து பாட வேண்டும். சினம், வீரம், வியப்பு, நகை முதலிய சுவைகளுக்கெல்லாம் பாட்டில் இடம் வேண்டும். ஒரே வகை உருக்கத்தை மட்டும் இசை என்று கருதக்கூடாது. குரலைப் பயிற்சியால் இனிமையாக்கிக்கொள்ள வேண்டும் என்பனவே அவர் கேட்டவை.

இக்கோரிக்கைகள் பிற்காலத்தில் ஓர் இயக்கமாகவே வளர்ந்தன. 1943ஆம் ஆண்டு சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு இடம் கேட்டு எழுந்த அவ்வியக்கத்துக்கு முன்னோடியாகப் பாரதியாரின் இக்கட்டுரையைக் கொள்ளலாம். அவருடைய சொந்தப் பாடல்களும் மேடை ஏறின; 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' திரைப்படம் அவற்றை இன்னும் பரவலாக்கியது. எனினும் ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. இன்றும் பல கச்சேரிகளில் பாரதியார் பாடல், துக்கடா என்று வழங்கும் கடைசிப் பகுதியில்தான் பாடப்படுகிறது. முதன்மையான உருப்படிகள் முடிந்து, கேட்பவர்களுள் சிலர் எழுந்து செல்லத் தொடங்கும் நேரம் அது.

'எந்த ஊருக்குப் போனாலும் ஒரே பாட்டு' என்ற அவருடைய குறையை இன்றைய சூழலில் பொருத்திப் பாருங்கள். பழங்காநத்தம் தெருக்களில் ஆடி மாதத்துக் கூழ் ஊற்றும் விழாவானாலும், திருமண மண்டப வாயிலானாலும், நகரப் பேருந்தானாலும் அந்த மாதத்துக்குரிய ஒரே திரைப்பாடல் ஒலிபெருக்கிகளில் ஒலிக்கக் கேட்கிறோம். மாறியது பாட்டின் வகை மட்டுமே.

வயல்வெளியின் பாட்டு

மேடையில் கேட்காத புதுமையைப் பாரதியார் வேறோர் இடத்தில் கேட்டார். உழைக்கும் மக்களின் பாட்டே அது. 'குயில் பாட்டு' என்னும் படைப்பில் தம் நெஞ்சைப் பறிகொடுத்த ஒலிகளை அவர் பட்டியலிடுகிறார். ஏற்றம் இறைப்பவரின் பாட்டு, நெல் குத்தும் பெண்களின் பாட்டு, சுண்ணாம்பு இடிப்போர் பாட்டு, வயலில் வேலை செய்யும் பெண்களின் பாட்டு, வளையல் ஒலிக்க வட்டமாகக் கும்மியடிப்போர் பாட்டு என்று அவ்வரிசை நீள்கிறது. 'வசன கவிதை'யிலோ, தெருவில் போகும் பாம்பாட்டியின் குழலோசை அவரைத் தடுத்து நிறுத்துகிறது. அந்த இசை குழலிலிருந்து வந்ததா, துளையிலிருந்து வந்ததா, ஊதுபவனின் மூச்சிலிருந்து வந்ததா என்று வினவத் தொடங்கி, இறுதியில் உலகின் இயக்கத்தைப் பற்றிய சிந்தனைக்கே சென்றுவிடுகிறார்.

இதில் ஒரு செய்தி அடங்கியுள்ளது. ஏற்றம் இறைப்பவர் ஒவ்வொரு சால் நீருக்கும் எண்ணிக்கை சொல்லிப் பாடுவார். எண்ணிக்கை தவறக்கூடாது, மூச்சு முட்டக்கூடாது, கைகால் அசைவும் தாளமும் பிரியக்கூடாது. பொருள் தெரியாமல் அந்தப் பாட்டைப் பாட முடியாது. பாடினால் வேலை கெட்டுவிடும். சபையில் காணாமற்போன சொல், பொருள், தாளம் ஆகியவற்றின் ஒருமைப்பாடு வயலில் உயிரோடு இருந்தது. 1912இல் 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பகுதியை வெளியிட்டபோது, எளிமையான சொல்லும் மக்கள் விரும்பும் மெட்டும் அமைந்த காவியமே தம் காலத்துக்குத் தேவை என்று அவர் முன்னுரையில் வற்புறுத்தியதற்கு இக்கேள்வியறிவே அடித்தளம்.

ஆர்மோனியம்: ஒரு வழக்கும் அதன் மறுபக்கமும்

பாரதியாரின் இசைக் கருத்துகளுள் மிகக் கடுமையானது ஆர்மோனியத்தைப் பற்றியது. அக்கருவி நம் மக்களின் செவியைக் கெடுத்துவிட்டது என்று அவர் கருதினார். அவர் ஏன் அவ்வாறு கருதினார் என்பதைக் கருவியின் அமைப்பைக் கொண்டே விளக்கலாம்.

ஆர்மோனியம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சு நாட்டில் உருவாக்கப்பட்டது. கால்மிதியால் காற்றடைத்து இசைக்கப்பட்ட அக்கருவியைத் தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறு கையால் வாசிக்கும்படி கொல்கத்தாவில் மாற்றி அமைத்தனர். அதன்பின் அது நாடெங்கும் பரவியது. அதில் ஒரு தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள் உண்டு. ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் ஒலி. அவ்வொலி அசையாது, வளையாது. நம் இசையிலோ ஒரு சுரம் பல நேரங்களில் நின்ற இடத்தில் நிற்பதில்லை. தோடி இராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். அச்சுரம் மேலும் கீழும் ஊசலாடுவதே அதன் இயல்பு. இவ்வசைவைக் கமகம் என்பர். மனிதக் குரலும் வீணையும் குழலும் நாகசுரமும் கமகத்தை எளிதாகக் காட்டும். ஆர்மோனியக் கட்டையை எத்தனை முறை அழுத்தினாலும் அந்த ஊசல் பிறக்காது. இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட நுண்ணிய ஒலிகளையும் அதனால் தர இயலாது. நாள்தோறும் அதையே கேட்டுப் பழகிய செவி, நுண்ணிய ஒலி வேறுபாடுகளை உணரும் ஆற்றலை இழக்கும் என்பதே பாரதியாரின் அச்சம்.

இவ்வச்சம் அவர் ஒருவருக்கே உரியதன்று. அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கிவைத்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த விலக்கு நீடித்தது.

ஆயினும், மதுரைக்காரர்கள் இவ்வழக்கில் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்பெறும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மதுரையில் நாடகக் குழு அமைத்துச் சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஒலிவாங்கி இல்லாத காலம் அது. திறந்த வெளியில், இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை, ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் பாட வேண்டும். பாடும் நடிகர் சுருதி விலகாமல் நிற்கவும், அவர் மூச்சு வாங்கும் இடைவெளியை நிரப்பவும், தொலைவில் அமர்ந்திருப்போர் செவிக்கு மெட்டைக் கொண்டு சேர்க்கவும் உரத்த குரலுடைய ஒரு கருவி தேவைப்பட்டது. அத்தேவையை ஆர்மோனியம் நிறைவு செய்தது. இன்றும் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் திருவிழாக்காலத்தில் 'வள்ளி திருமணம்' நாடகம் நடைபெறும்போது, மேடையோரம் ஆர்மோனியத்துடன் அமர்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர் இல்லாமல் நாடகம் தொடங்காது. நடிகரோடு சேர்ந்து பாடுவதும், இடையிடையே அவரோடு வாதாடுவதும் அவர் வேலை. அந்நாடகத்தைக் கேட்டுச் சுவைக்கும் மக்களுள் பலர் கச்சேரிச் சபையின் வாயிலை மிதித்ததே இல்லை. பொருள் புரியும் தமிழ்ப்பாட்டு பொதுமக்களைச் சென்றடைய வேண்டும் என்று பாரதியார் விரும்பினார் அல்லவா? அதனை மதுரை மண்ணில் நிறைவேற்றியவற்றுள் அவர் வெறுத்த கருவியும் ஒன்று.

நுட்பத்தின் பக்கம் நின்று பார்த்தால் பாரதியார் சொன்னது சரி. பயன்பாட்டின் பக்கம் நின்று பார்த்தால் அவர் சொன்னது போதாது. பெரிய கவிஞர் ஒருவரின் கருத்தை இவ்வாறு எடைபோட்டுப் பார்ப்பது அவருக்கு இழைக்கும் அவமதிப்பு ஆகாது. 'தராசு' என்ற பெயரிலேயே அவர் ஒரு கட்டுரை வரிசை எழுதியிருக்கிறார். அதில் ஒரு கடை. கடையில் பேசும் தராசு ஒன்று. பல தரப்பட்ட மனிதர்கள் வந்து தங்கள் ஐயங்களைக் கேட்பார்கள். தராசு ஒருவரையும் விட்டுவைக்காமல் நிறுத்துச் சொல்லும். தம் கருத்துகளும் அத்தட்டில் ஏறுவதை அவர் வரவேற்றிருப்பார்.

படம் பேசிய காலம்

ஓவியத்தைப் பொறுத்தவரை அவர் எழுதியது குறைவு, செய்தது அதிகம். அச்சு இயந்திரத்தின் துணையால் தம் ஓவியங்களை எளிய மக்களின் வீட்டுச் சுவர்வரை கொண்டு சேர்த்த இரவிவர்மா 1906 அக்டோபரில் மறைந்தபோது பாரதியார் இரங்கற்பா எழுதினார். அதே ஆண்டில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் அரசியல் கருத்துப்படங்களை வெளியிட்டார். தமிழ் இதழ்களுள் இதற்கு வழிகாட்டி 'இந்தியா'வே. அக்காலத் தமிழகத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. எழுத்தறியாதவரும் படத்தைப் பார்த்து ஆங்கில ஆட்சியின் சுரண்டலைப் புரிந்துகொள்ளலாம் அல்லவா? பின்னர், கருத்துப்படங்களுக்கென்றே 'சித்ராவளி' என்ற தனி இதழ் நடத்தவும் அவர் திட்டமிட்டார்.

பயணம் தந்த பார்வை

பாரதியாரின் பயணங்கள் இளமையிலேயே தொடங்கின. தந்தையார் மறைந்தபின் 1898இல் காசிக்குச் சென்று, நான்காண்டுகள் அங்குத் தங்கி, வடமொழியும் இந்தியும் கற்றார். தலைப்பாகையும் மீசையும் கொண்ட அவருடைய தோற்றம் அந்நகர வாழ்வின் விளைவு என்பர். 1906இல் கொல்கத்தாவில் நடந்த காங்கிரசுப் பேரவைக்குச் சென்றார். வட இந்தியப் பயணத்தின்போது நிவேதிதா அம்மையாரைச் சந்தித்தது பெண்களின் நிலை குறித்த அவருடைய பார்வையையே மாற்றியது. 1908இல் வெளியிட்ட 'ஸ்வதேச கீதங்கள்' நூலை அவ்வம்மையாருக்கே படைத்தார். 1907 டிசம்பரில் சூரத்துப் பேரவைக்குச் சென்று வந்த அனுபவத்தை 'எங்கள் காங்கிரஸ் யாத்திரை' என்னும் சிறுநூலாக 1908இல் வெளியிட்டார். தமிழில் பயண இலக்கியம் இன்னும் தளிர்நடை பயின்றுகொண்டிருந்த நாளில் வெளிவந்த நூல் அது.

அவ்வாண்டிலேயே ஆங்கில அரசின் பிடியில் சிக்காதிருக்கப் புதுச்சேரிக்குச் சென்றார். 1918வரை பத்தாண்டுகள் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியை விட்டு அவர் வெளியே வர இயலவில்லை. ஊர் சுற்றி வளர்ந்த ஒருவருக்கு இது கொடிய தண்டனை. ஆனால் அந்தப் பத்தாண்டுகளில்தான் அவருடைய எழுத்து மிகத் தொலைவுக்குச் சென்றது. தபாலில் வரும் இதழ்களின் வழியாகச் சீனம், துருக்கி, அயர்லாந்து, உருசியா என்று உலகத்தைச் சுற்றிவந்தார்.

1916 அக்டோபர் 16ஆம் நாள் 'சுதேசமித்திரனி'ல் வெளிவந்த 'ஜப்பானியக் கவிதை' என்னும் கட்டுரை இதற்குச் சிறந்த சான்று. கொல்கத்தாவிலிருந்து வந்துகொண்டிருந்த 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் ஜப்பானியக் கவிஞர் நோகுச்சி எழுதியதைப் படித்துவிட்டு, ஹொக்கு என்று அன்று வழங்கிய மூன்றடிக் கவிதையை அவர் தமிழர்க்கு அறிமுகம் செய்தார். பிற்காலத்தில் நாம் ஐக்கூ, துளிப்பா என்றெல்லாம் வழங்கும் வடிவத்தின் தமிழ் வரலாறு இக்கட்டுரையிலிருந்தே தொடங்குகிறது. வீடு எரிந்துபோனபின், மலர்கள் உதிரும்போது காணும் அமைதியைப் பாடிய ஒரு ஜப்பானியக் கவிஞரை அதில் எடுத்துக்காட்டுகிறார். சொல்லாமல் விட்டதைப் படிப்பவர் தம் மனத்தில் நிரப்பிக்கொள்ளும் அந்தச் சிக்கனம் அவரைக் கவர்ந்தது. சொற்களை வாரி இறைக்கும் பாட்டுக்கு அங்கே இடமில்லை என்பதை அவர் எடுத்துரைக்கும்போது, வெளிநாட்டுச் செய்தியைத் தருவதோடு அவர் நின்றுவிடவில்லை என்பது புலப்படும். அடுக்குமொழியையும் சொல்விளையாட்டையும் புலமை என்று கருதிய அந்நாளையத் தமிழ்ப் புலவர்களின் முன் அவர் வைத்த கண்ணாடி அது. குறளின் ஏழு சீரில் பிறந்த சிக்கனத்தை நாம் மறந்தது ஏன் என்ற வினா அக்கட்டுரையைப் படிக்கும் தமிழருக்கு இயல்பாகவே எழும்.

கருங்கல்பாளையம்

1920 நவம்பரில் பாரதியார் மீண்டும் சென்னையில் 'சுதேசமித்திரன்' பணிக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு சூலைத் திங்களின் இறுதியில் ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்து வாசகசாலை விழாவுக்கு அழைக்கப்பட்டார். அங்கு அவர் பேசிய தலைப்பு 'மனிதனுக்கு மரணமில்லை' என்பது. திரும்பியவுடன் 'என் ஈரோடு யாத்திரை' என்ற கட்டுரையை நகைச்சுவை கலந்து எழுத, 1921 ஆகஸ்டு 4ஆம் நாள் அது அச்சானது. காசியையும் கொல்கத்தாவையும் சூரத்தையும் கண்டவர், காவிரிக்கரையில் உள்ள ஒரு சிற்றூருக்குச் சென்று வந்ததையும் யாத்திரை என்றே குறித்தார். தொலைவைக் கொண்டு பயணத்தை அவர் அளக்கவில்லை.

அதே ஆகஸ்டு மாதத்தில் அவர் எழுதிய மற்றொரு கட்டுரை இரவீந்திரநாத தாகூரின் ஐரோப்பியப் பயணத்தைப் பற்றியது. தாகூரின் சிறுகதைகளையும் கட்டுரைகளையும் முன்பே தமிழில் பெயர்த்தவர் பாரதியார். அடிமைப்பட்ட நாட்டிலிருந்து சென்ற ஒரு கவிஞரை வெளிநாட்டு மக்கள் திரண்டு வரவேற்ற செய்தியைப் படித்து, அப்பயணத்தைத் திக்விஜயம் என்று போற்றினார். படையோடு நாடு பிடிக்கச் சென்ற மன்னர்களுக்கு வழங்கிய சொல் அது. பாரதியாரோ கப்பலேறிக் கடல் கடந்தவர் அல்லர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியைத் தவிர அயலார் நாடு எதிலும் காலடி வைத்தவரும் அல்லர். அக்கட்டுரையில் பொறாமையின் சாயல் எங்கும் இல்லை. தம் வீட்டு மூத்தவர் ஒருவர் வெளியூரில் பெருமை பெற்றுத் திரும்பும் செய்தியைத் தெருவாருக்கெல்லாம் சொல்லி மகிழும் குரலே அதில் கேட்கிறது.